கதை என்ன சொல்கிறது? தொடக்கப்பள்ளிக் குழந்தைகளுக்கு மையக்கருத்தைக் கண்டறியக் கற்பிக்கும் முழுமையான வழிகாட்டி

கதைப்பாடம் முடிந்ததும் ஒரு கேள்வி காத்திருக்கும்: "இக்கதை உணர்த்தும் நீதி யாது?" கைகள் மளமளவென்று உயரும். "உண்மை பேச வேண்டும்." "ஒற்றுமையே பலம்." "பெரியோர் சொல் கேட்டு நடக்க வேண்டும்." எந்தக் கதையாக இருந்தாலும் இந்த நான்கைந்து வாக்கியங்களில் ஒன்று பொருந்திவிடும் என்பதைக் குழந்தைகள் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகிறார்கள். கதையைக் காதில் வாங்காத பிள்ளைகூட மதிப்பெண் வாங்கிவிடலாம். இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

யார் எதைச் செய்தார்கள், அதனால் என்ன ஆனது என்று கதையைத் திரும்பிப் பார்த்து, அது வாழ்க்கையைப் பற்றி என்ன சொல்கிறது என்று தன் சொற்களில் ஒரு வாக்கியம் அமைக்கவும், அதற்குக் கதையிலிருந்தே சான்று காட்டவும் ஏழெட்டு வயதுக் குழந்தையால் முடியும். தானாக வந்துவிடாது, பழக்க வேண்டும். இந்த வழிகாட்டி ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கானது. வீட்டில் கதை சொல்லும் பெற்றோருக்கும் பயன்படும். எடுத்துக்காட்டாக நம் எல்லோருக்கும் தெரிந்த கதைகளையே எடுத்திருக்கிறேன். கதையைப் புதிதாகத் தேடும் வேலை மிச்சமாகும். நாளைக் காலை வகுப்பிலேயே தொடங்கிவிடலாம்.

## வகுப்புக்குப் போகும் முன்

நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்புகின்றன. புறாவும் எறும்பும் கதையை வைத்துப் பிரித்துப் பார்ப்போம்.

ஆற்றில் விழுந்த எறும்புக்குப் புறா இலையைப் போட்டது, பிறகு புறாவைக் குறிபார்த்த வேடனின் காலை எறும்பு கடித்தது என்பது கதைச்சுருக்கம். "உதவி" என்பது பேசுபொருள். ஒரு சொல்லில் அடங்கிவிடும். "சிறியவர்களாலும் பெரிய உதவி செய்ய முடியும்" என்பது மையக்கருத்து. உதவியைப் பற்றிக் கதை சொல்லும் செய்தி. "நீயும் பிறருக்கு உதவி செய்" என்பது நீதி. குழந்தைக்கு இடும் கட்டளை.

நீதி சொல்வதில் தவறில்லை. ஆனால் கட்டளைக்குத் தாவியவுடன் யோசனை நின்றுவிடுகிறது. மையக்கருத்தை முதலில் கண்டுகொண்ட குழந்தை, அதிலிருந்து தனக்கான நீதியைத் தானே எடுத்துக்கொள்ளும். இந்த வரிசையை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கதைத் தேர்வு. தொடக்கத்தில் மூன்று நான்கு நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய கதை போதும். கதைமாந்தர் ஒருவருக்கு ஒரு சிக்கல் வர வேண்டும், அவர் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதன் விளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறும் வேடிக்கைக் கதைகளும், அடுக்கடுக்காக நிகழ்ச்சிகள் மட்டுமே வரும் கதைகளும் மகிழ்ச்சிக்கு நல்லவை. இந்தப் பாடத்துக்கு ஏற்றவை அல்ல.

கடைசிப் பக்கத்தில் "நீதி:" என்று அச்சிட்டிருக்கும் புத்தகமாக இருந்தால், அந்த வரியின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி மறைத்துவிடுங்கள். விடை கீழேயே இருக்கும்போது யார்தான் யோசிப்பார்கள்? நீதி அச்சிடாத நல்ல கதைகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. பிரதம் புக்ஸ் அமைப்பின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக, வாசிப்பு நிலை வாரியாகவே இருக்கின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளில் சின்னச் சின்னப் புத்தகங்களைப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறது. நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்ட நேரு குழந்தைகள் நூலக வரிசை பழைய பள்ளி நூலகங்களின் அலமாரியில் இருக்கலாம். ஒருமுறை தேடிப் பாருங்கள்.

## படி 1: கதையை முழுதாகச் சொல்லுங்கள்

இடையில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். "அடுத்து என்ன நடக்கும் சொல்லுங்கள் பார்ப்போம்" என்பது வேறொரு நாளைக்கான நல்ல பயிற்சி. இன்று கதை ஒரே மூச்சில் குழந்தையின் மனத்தில் போய்ச் சேர வேண்டும். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கட்டும், பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படட்டும்.

முடிந்ததும் உடனே கேள்விக்குப் போகாமல் சற்றுப் பொறுங்கள். "எந்த இடம் பிடித்தது? எந்த இடத்தில் கோபம் வந்தது?" என்று மட்டும் கேளுங்கள். குழந்தை எந்த இடத்தில் கோபப்பட்டதோ, கதையின் கரு பெரும்பாலும் அதன் பக்கத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று: மையக்கருத்தை அறிய எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள் கேட்டு யோசிப்பதில் பெரும்பாலும் பின்தங்குவதில்லை. இந்தப் பாடத்தை முதலில் முழுக்க முழுக்க வாய்மொழியாகவே நடத்துங்கள். வழக்கமாகக் கடைசி வரிசையில் வாய்மூடி உட்கார்ந்திருக்கும் பிள்ளை பேசத் தொடங்கும் பாடம் இதுவாக இருக்கலாம்.

## படி 2: நான்கு கேள்விகளில் கதையைத் திரும்பச் சொல்லுதல்

கரும்பலகையில் நான்கு கட்டம் போடுங்கள்.

- யார்?
- என்ன சிக்கல்?
- என்ன செய்தார்?
- கடைசியில் என்ன ஆனது?

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே வாக்கியம். வடை திருடிய காகத்தின் கதை என்றால்: காகம். நரி அதன் வடையைப் பறிக்கப் பார்த்தது. நரி புகழ்ந்ததைக் கேட்டு வாயைத் திறந்து பாடியது. வடை கீழே விழுந்தது.

ஒரே வாக்கியம் என்ற கட்டுப்பாட்டைத் தளர்த்தாதீர்கள். "அப்புறம் வந்து... அப்புறம் வந்து..." என்று நீட்டி முழக்கும் பழக்கம் உள்ள குழந்தை, எது முக்கியம் எது முக்கியமில்லை என்று பிரிக்கப் பழகுவது இங்கேதான். இரண்டாம் வகுப்பில் இதற்கே ஒரு பாடவேளை முழுதும் போய்விடலாம். போகட்டும்.

## படி 3: கதை திரும்பும் இடத்தைக் கண்டுபிடித்தல்

எந்தக் கதையிலும் ஓர் இடத்தில் கதைமாந்தர் ஒரு முடிவு எடுப்பார். அதற்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்பும். அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒரு கேள்வி: "அங்கே வேறு ஏதாவது செய்திருந்தால்?"

இதைக் கற்பிக்கக் காகத்தின் கதையைவிடச் சிறந்தது கிடைக்காது. ஏனென்றால் அதற்கு நம்மிடையே இரண்டு முடிவுகள் வழங்குகின்றன. பழைய முடிவில் காகம் வாயைத் திறந்து பாட, வடை நரிக்குப் போகிறது. பின்னால் வந்த முடிவில் காகம் வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு "கா கா" என்று பாடுகிறது. நரி ஏமாந்து போகிறது. இரண்டையும் ஒரே நாளில் சொல்லிவிட்டுக் கேளுங்கள்: "காகம் அதேதான், நரி அதேதான், வடையும் அதேதான். இரண்டு கதையும் ஒரே விஷயத்தையா சொல்கின்றன?"

வகுப்பு சற்று நேரம் விழிக்கும். பிறகு யாராவது ஒரு பிள்ளை தொடங்கும். "முதல் கதையில் காகம் புகழ்ச்சியில் மயங்கிவிட்டது. இரண்டாவதில் யோசித்துச் செய்தது." அவ்வளவுதான், வேலை முடிந்தது. கதைமாந்தரின் தேர்வு மாறினால் கதை சொல்லும் செய்தியும் மாறும் என்பதைப் பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டார்கள். இதற்கு மேல் விளக்கம் சொல்லிக் கெடுக்க வேண்டாம்.

## படி 4: ஒரு சொல்லிலிருந்து ஒரு வாக்கியத்துக்கு

பெரும்பாலான குழந்தைகள் தட்டுத் தடுமாறும் இடம் இது. நிதானமாக நடத்துங்கள்.

முதலில் ஒரு சொல் கேளுங்கள். "இந்தக் கதை எதைப் பற்றியது?" நட்பு, பேராசை, பயம், பொய், உதவி, நியாயம் என்று சொற்கள் வரும். வந்த சொற்களையெல்லாம் பலகையில் எழுதுங்கள். சொல் கிடைக்காமல் தவிக்கும் வகுப்புக்குச் சுவரில் ஒரு சொற்பட்டியல் தொங்கவிடலாம். ஒவ்வொரு புதிய கதைக்குப் பிறகும் அதில் ஒன்றிரண்டு சொல் சேரட்டும்.

பிறகு இந்தக் கேள்வி: "சரி, உதவி. உதவியைப் பற்றி இந்தக் கதை என்ன சொல்கிறது?"

வரும் வாக்கியத்தில் எறும்பு, புறா, காகம், நரி ஆகிய பெயர்கள் இருக்கக் கூடாது என்று விதி வையுங்கள். "எறும்பு புறாவுக்கு உதவியது" என்றால் அது இன்னும் கதைக்குள்ளேயே நிற்கிறது. எறும்பை எடுத்துவிட்டு யாரைப் போடலாம் என்று கேளுங்கள். "சின்னவங்க" என்று ஒரு குழந்தை சொல்லும். எழுதும்போது "சிறியவர்கள்" ஆகிவிடும். "சிறியவர்கள் பெரியவர்களுக்கும் உதவ முடியும்." பெயரை நீக்குவது என்ற இந்த ஒரு உத்தி, நீண்ட விளக்கங்கள் செய்யாததைச் செய்துவிடும்.

வகுப்புக்கு ஏற்றபடி வாக்கியச் சட்டம் கொடுங்கள். முதலிரண்டு வகுப்புகளுக்கு வாய்மொழியாக: "இந்தக் கதை ____ பற்றியது. எனக்கு அப்படித் தோன்றியது, ஏனென்றால் ____." மூன்றாம் வகுப்புக்கு: "____ செய்தால் ____ நடக்கும் என்று கதை காட்டுகிறது." நான்கு, ஐந்தாம் வகுப்புக்கு: "இந்தக் கதை ____ பற்றியது. அதைப் பற்றி ____ என்று சொல்கிறது. ____ என்ற இடத்தில் இது தெரிகிறது." சில வாரம் கழித்துச் சட்டத்தை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் கோடிட்ட இடத்தை நிரப்பும் பயிற்சியாக அது சுருங்கிவிடும்.

## படி 5: "கதையில் எங்கே?"

இந்த இரண்டு சொற்களை வகுப்பின் வழக்கமாக்கிவிடுங்கள். யார் எந்தப் பதில் சொன்னாலும், சரியான பதிலாகவே இருந்தாலும், "கதையில் எங்கே?" என்று கேளுங்கள். தவறான பதிலுக்கு மட்டும் கேட்டால், கேள்வி வந்ததுமே பிள்ளை பதிலை மாற்றிக்கொள்ளும்.

சான்று கேட்கும் வகுப்பில் எதிர்பாராத நல்ல பதில்கள் வரும். காகத்தின் கதைக்கே திரும்புவோம். "ஏமாற்றியவர் ஏமாறுவார்" என்று ஒரு குழந்தை சொல்கிறது. விடைக்குறிப்பில் அது இருக்காது. "புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது" என்றுதான் இருக்கும். "கதையில் எங்கே?" என்று கேளுங்கள். "காக்கா மட்டும் என்ன, பாட்டியிடம் வடையைத் திருடியதுதானே?" மறுக்க முடியுமா? கதையின் முதல் வரியிலேயே சான்று இருக்கிறது. ஒரே கதைக்கு இரண்டு மையக்கருத்துகள் இருக்கலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அதே வேளையில், எதைச் சொன்னாலும் சரி என்று விட்டுவிடவும் கூடாது. "இந்தக் கதை ஒற்றுமையைப் பற்றியது" என்று சொல்லும் குழந்தைக்கு இந்தக் கதையில் சான்று கிடைக்காது. தேடட்டும். கிடைக்கவில்லை என்று அதுவே சொல்லட்டும். "தவறு" என்று நீங்கள் சொல்ல வேண்டிய தேவையே வராது.

## ஒரு கதை, முழு உரையாடலோடு

படிகளைத் தனித்தனியாகப் படிப்பதைவிட, ஒரு கதையில் அவை எப்படி ஒன்றுசேர்ந்து ஓடுகின்றன என்று பார்ப்பது நல்லது. மனுநீதிச் சோழன் கதையை நான்கு அல்லது ஐந்தாம் வகுப்பில் எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூரில் சோழன் ஆண்டான். நீதி கேட்க வருவோர் அடிப்பதற்காக அரண்மனை வாசலில் ஆராய்ச்சி மணி தொங்கியது. இளவரசன் ஓட்டிய தேரின் சக்கரத்தில் ஒரு கன்று சிக்கி இறந்தது. தாய்ப்பசு வந்து மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் உயிர்ப்பித்தார். பெரிய புராணத்தில் அமைச்சர் உயிர்விடும் பகுதியும் உண்டு. தொடக்கப்பள்ளி வகுப்பில் அதை விட்டுவிடுவதே சரி என்பது என் கருத்து.

மையக்கருத்தைக் கேட்டால் முதலில் இப்படித்தான் வரும்:

"தேரை மெதுவாக ஓட்ட வேண்டும், டீச்சர்."

"விலங்குகளைக் கொல்லக் கூடாது."

சிரித்துவிடாதீர்கள். தெருவில் வண்டி வேகமாகப் போவதைப் பார்த்துப் பயந்த குழந்தைக்கு அது உண்மையான பதில். கதை திரும்பும் இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

"இளவரசன் வேண்டுமென்றே கன்றின் மேல் ஏற்றினானா?"

"இல்லை. அது ஓடிவந்து விழுந்துவிட்டது."

"பிறகு அரசன் ஏன் தண்டனை கொடுத்தான்?"

"கன்று செத்துப்போனதே. பசு அழுதது."

"வேறு யாருடைய மகனாவது தேரை ஓட்டியிருந்தால் அரசன் என்ன செய்திருப்பான்?"

"அவனுக்கும் தண்டனை கொடுத்திருப்பான்."

"இவன் தன் சொந்த மகன். சும்மா விட்டிருக்கலாமே?"

இங்கே நிறுத்துங்கள். பத்து விநாடி அமைதி நீண்டதாகத் தோன்றும்; பொறுத்துக்கொள்ளுங்கள். "விட்டிருந்தால் பசுவுக்கு நியாயம் கிடைத்திருக்காது" என்றோ, "அப்புறம் யாருமே அவரை நம்ப மாட்டார்கள்" என்றோ ஒரு பதில் வரும். அதைப் பிடித்துக்கொண்டு பெயர்களை நீக்கச் சொன்னால், "தன் பிள்ளையாக இருந்தாலும் நியாயம் ஒன்றுதான்" என்ற வாக்கியத்துக்கு வகுப்பு தானாகவே வந்து சேரும்.

சான்று? மணியைக் காட்டுவார்கள். மனிதர் மட்டும் அடிக்க வேண்டும் என்று விதி இல்லாத மணி. பசு அடித்தாலும் அரசன் எழுந்து வந்தான் அல்லவா?

பிறகு ஒரு தகவலைச் சொல்லுங்கள். சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. "நீதிமன்றத்தில் ஏன் இந்த அரசனின் சிலையை வைத்தார்கள்? தேரை மெதுவாக ஓட்டச் சொல்லவா?" முதலில் "மெதுவாக ஓட்ட வேண்டும்" என்று சொன்ன பிள்ளையே சிரித்துக்கொண்டு பதிலைத் திருத்திக்கொள்ளும். இலங்கையில் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. இலங்கையின் பழைய பாலி மொழி வரலாற்று நூலான மகாவம்சம், அனுராதபுரத்தை ஆண்ட தமிழ் மன்னன் எல்லாளனைப் பற்றியும் மணி, பசு, கன்று, மகன் என்று இதே கதையைச் சொல்கிறது. எதிர்த்துப் போரிட்டவர்களின் வரலாற்று நூல் ஏன் இந்தக் கதையைச் சொல்லி அவனைப் பாராட்டுகிறது என்று ஐந்தாம் வகுப்பில் கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு குழந்தை எழுந்து, "ஆனாலும் அப்பா மகனைக் கொல்வது சரியா, டீச்சர்?" என்று கேட்கும். அந்தக் கேள்வியை அடக்காதீர்கள். கதை என்ன சொல்கிறது என்பது ஒன்று. அதை நான் ஏற்கிறேனா என்பது மற்றொன்று. இரண்டையும் தனித்தனியாகச் சொல்லத் தெரிந்த பிள்ளை வாசகராகிவிட்டது. "கதை இப்படிச் சொல்கிறது, எனக்கு அதில் பாதிதான் சம்மதம்" என்று நோட்டில் எழுதினால் மனமாரப் பாராட்டுங்கள்.

## படி 6: வேறு கதையில் பொருத்திப் பார்த்தல்

ஒரு கதையில் கண்டுபிடித்துவிட்டதால் எல்லாக் கதையிலும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்த ஜோஆனா வில்லியம்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும், அமெரிக்காவில் இரண்டு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் இதை ஆராய்ந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒவ்வொரு கதைக்கும் ஒரே கேள்வி வரிசையைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கினார்கள். கற்பித்த மையக்கருத்துகளைக் குழந்தைகள் நன்றாக அடையாளம் கண்டார்கள். கற்பிக்காத புதிய மையக்கருத்து வந்தபோது அந்தத் திறமை தானாக அங்கே போய்ச் சேரவில்லை. மாறாத கேள்வி வரிசை உதவுகிறது. ஆனால் பலவகைக் கதைகளில், பல மாதம் தொடர வேண்டும் என்பதை இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

இதற்கு நல்ல வழி, கதைகளை இணை சேர்ப்பது. சிங்கத்திடம் பிரிந்து மாட்டிக்கொண்ட எருதுகள் கதையையும், வலையோடு சேர்ந்து பறந்த புறாக்கள் கதையையும் அடுத்தடுத்த நாள்களில் சொல்லுங்கள். ஒன்றில் பிரிந்து அழிந்தார்கள், மற்றொன்றில் சேர்ந்து தப்பித்தார்கள். நடந்தது நேர் எதிர், செய்தி ஒன்று. அடுத்த வாரம் சிங்கத்தைக் கிணற்றில் தள்ளிய முயலின் கதையைச் சொல்லிவிட்டு, "இதுவும் அந்தக் கூட்டத்தில் சேருமா?" என்று கேளுங்கள். அதே சிங்கம் இருக்கிறது என்பதற்காகச் சேர்ப்பவர்களும் இருப்பார்கள். "கதையில் எங்கே?" என்ற கேள்வி மறுபடியும் உதவிக்கு வரும்.

சொந்த வாழ்க்கையோடு பொருத்துவதும் இந்தப் படியில்தான். "உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?" என்று பொதுவாகக் கேளுங்கள். யாரையும் பெயர் சொல்லி எழுப்ப வேண்டாம். பொய், திருட்டு, வறுமை வரும் கதைகளில் கூடுதல் கவனம் வேண்டும். ஒரு குழந்தையின் வீட்டு விஷயம் வகுப்பின் பேச்சாகிவிடக் கூடாது.

## பழமொழியும் ஆத்திசூடியும் எப்போது?

பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருக்கும் ஆத்திசூடி, கொன்றை வேந்தன் வரிகள் பெரிய செல்வம். ஆனால் முதலிலேயே அவற்றை அழைத்தால் யோசிக்காமல் ஒட்டிவிடுவார்கள். தன் சொந்த வாக்கியத்தை எழுதிய பிறகு, "இதற்குப் பொருந்தும் ஆத்திசூடி எது?" என்று கேளுங்கள்.

முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியின் கதைக்கு ஒரு குழந்தை "ஈவது விலக்கேல்" என்று சொல்லலாம். கொடுப்பதைப் பற்றிய கதை, கொடுப்பதைப் பற்றிய வரி, பொருத்தம்போலத்தான் தெரியும். "கதையில் யாராவது பாரியைக் கொடுக்காதே என்று தடுத்தார்களா?" என்று கேளுங்கள். இல்லை. அப்படியானால், தன்னால் முடிந்ததை ஒளிக்காமல் கொடு என்னும் "இயல்வது கரவேல்" இன்னும் நெருக்கமாக வருகிறது. வரியின் பொருளும் புரிந்தது, கதையின் பொருளும் புரிந்தது.

பாரி கதையில் இன்னொரு சிக்கல் வரும். "மரம் வளர்ப்போம்" என்று பதில் சொல்வார்கள். பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் வாசகம் கதைக்குள் புகுந்துவிடுகிறது. அப்போது, "கொடி படர ஒரு குச்சி நட்டாலே போதுமே, எதற்குத் தேர்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் இந்தக் கேள்வியைத் தாங்களே கேட்பதும் உண்டு. கணக்குப் பார்க்காமல் கொடுப்பது என்ற கருத்து அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கும்.

## ஒரு வார நேர அளவு

நாற்பது நிமிடப் பாடவேளை என்று வைத்துக்கொண்டால், திங்களன்று கதை சொல்லுதலும் நான்கு கட்டமும். செவ்வாயன்று திரும்பும் இடம். புதனன்று சொல்லிலிருந்து வாக்கியம். வியாழனன்று சான்று, இருவர் இருவராகப் பேசி. வெள்ளியன்று இணைக்கதை. ஒவ்வொரு நாளும் பதினைந்து இருபது நிமிடம் போதும். மீதி நேரம் வழக்கமான பாடத்துக்கு. மாதம் இரண்டு கதை இப்படி ஆழமாகச் செய்தால் போதுமானது. எல்லாக் கதையையும் இப்படிப் பிரித்து ஆராய்ந்தால் கதையென்றாலே பிள்ளைகள் ஓட ஆரம்பிப்பார்கள். மற்றக் கதைகள் கேட்டுச் சிரிப்பதற்கு மட்டும் இருக்கட்டும்.

ஈராசிரியர் பள்ளியில் மூன்று வகுப்பு ஒரே அறையில் இருந்தால், அதைக் குறையாக நினைக்க வேண்டாம். கதை எல்லோருக்கும் ஒன்றே. சிறிய வகுப்பு நான்கு கட்டத்தைப் படமாக வரையட்டும். மூன்றாம் வகுப்பு வாக்கியம் சொல்லட்டும். ஐந்தாம் வகுப்பு சான்று தேடி எழுதட்டும். பெரிய பிள்ளைகள் பேசுவதைக் கேட்டே சிறியவர்கள் பாதி கற்றுக்கொள்வார்கள்.

## தனியே செய்யும் நாளும் மதிப்பீடும்

சில கதைகள் சேர்ந்து செய்த பிறகு, கேட்டிராத புதிய கதை ஒன்றைக் கொடுத்துத் தனியே செய்யச் சொல்லுங்கள். பார்க்க வேண்டியவை மூன்று. வாக்கியம் முழுமையாக இருக்கிறதா, அல்லது ஒற்றைச் சொல்லில் நின்றுவிட்டதா? கதைமாந்தரின் பெயர் இல்லாமல் பொதுவாக இருக்கிறதா? கதையிலிருந்து சான்று இருக்கிறதா? எழுத்துப் பிழையை அன்றைக்குப் பார்க்காதீர்கள். "ற" வர வேண்டிய இடத்தில் "ர" வந்ததற்காகச் சிவப்பு மை போட்டால், அடுத்த முறை எழுதத் தெரிந்த சொற்களில் மட்டுமே அந்தப் பிள்ளை யோசிக்கும்.

எழுத முடியாத குழந்தை வாயால் சொல்ல, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தேர்வுத்தாளில் "நீதி யாது?" என்றுதான் கேட்பார்கள் என்ற கவலை பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உண்டு. இரண்டு வரியில் பதில் எழுதப் பழக்குங்கள்: முதல் வரியில் தன் வாக்கியம், இரண்டாவது வரியில் கதையிலிருந்து காரணம். தொடக்க வகுப்புகளில் விடைத்தாளைத் திருத்துவது பெரும்பாலும் வகுப்பாசிரியர்தான். ஆகவே விடைக்குறிப்பில் இல்லாத வாக்கியமாக இருந்தாலும், இரண்டாவது வரியில் சரியான சான்று இருந்தால் முழு மதிப்பெண்ணும் போடுங்கள்.